நவம்பர் படிவம்

ஆதர்ட்டனில் நவம்பர் என்றால்
கையுறை, வாளி, டார்ச்,
காதுக்குப் பின்னால் உண்ணி இருக்கிறதா என்று
ஒருவர் மற்றவரைத் தடவிப் பார்ப்பது.
விடியுமுன் காட்டுக்குள் நடப்போம், அண்ணாந்தபடி.
உயரத்தில் தொங்கும் வௌவால்கள் நலம்.
தாழத் தொங்குபவைதான் எங்களுக்கு.

உண்ணி கடித்த தாய்க்கு
முதலில் கால் சாகும், பிறகு இறக்கை,
கடைசியில் மூச்சு.
அக்குளில் முலையை விடாமல் குட்டி.
"இழுக்காதே" என்பாள் நெரிடா.
"பல் கொக்கி மாதிரி. அதுவாக விடட்டும்."
செத்த உடம்பின் பக்கத்தில்
அது விடும்வரை குந்தியிருப்பேன்.
எறும்பு ஏறும்.
ஏழரைக்குப் பள்ளிப் பேருந்தை எடுக்க வேண்டும்;
ஏறும் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள்.

ஃப்ளானல் துணி, ரப்பர் காம்பு,
நாலு மணிக்கொருமுறை பால்.
அடையாளத்துக்குக் கட்டைவிரல் நகத்தில் நகப்பூச்சு.
என் குட்டிகளுக்கு ஆரஞ்சு,
கடையில் அது மட்டும் பாதி விலை.
"என் லிச்சியைத் தின்ன ஆள் வளர்க்கிறாயா?"
என்று வேலிக்கு அப்பாலிருந்து ஸில்வானோ.
என்ன சொல்ல? தின்னத்தான் செய்யும்.

பிப்ரவரியில் கூண்டின் கூரையைத் திறந்தோம்.
முதல் இரவு ஒன்றும் போகவில்லை.
மறு இரவு பதினொன்று.
ஒன்று மட்டும் ஒரு வாரம் வந்து
தட்டைப் பார்த்துவிட்டுப் போனது.
பழம் வைக்காதே என்றார்கள். வைக்கவில்லை.
மறுநாள் காலை
ஒரு நிறுத்தத்தில் நிறுத்தாமலே போய்விட்டேன்.
வாவல் வீட்டு விருந்தாளியாய்
நானும் கூடத் தொங்கியிருக்கலாம்;
எனக்குத் தெரிந்ததெல்லாம் புட்டி பிடிக்க.

மூன்று ஆண்டு கழித்து, இன்று,
முழங்கால் உயரத்தில் ஒரு தாய்.
கட்டைவிரலில் எங்கள் உலோக வளையம்.
எண்ணைக் கடித்தே தேய்த்திருக்கிறது:
முதல் இலக்கம் நான்கு. அல்லது ஒன்பது.
நகத்தில் ஆரஞ்சு இல்லை.
எந்தப் பூச்சு மூன்று ஆண்டு நிற்கும்?
கண்ணைச் சுற்றி வைக்கோல் நிற வட்டம்,
எல்லாவற்றுக்கும் இருப்பதுதான்.
உண்ணியைத் திருகாமல் நேராகப் பிடுங்கினேன்.
என்னைப் பார்த்தது,
மரத்தைப் பார்ப்பது போல.
பிறகு பார்க்கவில்லை.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
நாம் வளர்த்தது. காட்டில் பிறந்தது.
பேனாவை மூடிவிட்டேன்.

அக்குளில் குட்டி.
மணி ஆறு ஐம்பது.
எறும்பு ஏறுகிறது.
அதுவாக விடட்டும்.