பித்தளைக்கு வயது

கடைக்குள் வருகிற எதையும் முதலில் சுண்டிப் பார்ப்பேன்.
நடுவிரலில் இதற்கென்றே ஓர் இரும்பு வளையம்.
நல்ல பித்தளை நின்று பேசும்.
கலப்படம் பாதியில் தொண்டையடைத்துக்கொள்ளும்.

மேல்தட்டில் ஒல்லாந்தர்:
ஒரு பீரங்கிக் குண்டு,
பலாக்கொட்டை போல ஈயத் தோட்டாக்கள்,
காசுகள் பதினாறு.
பதினாறில் ஒன்பது நான் செய்தவை.
பழம்புளியும் உப்பும் பூசிச் சாக்கில் கட்டி
கிணற்றடியில் ஒரு மாரி புதைத்துவைத்தால்
முந்நூறு வருடம் ஏறிவிடும்.
கேட்டால் சொல்வேன்.
கேட்பவர் குறைவு.

நடுத்தட்டில் வெள்ளைக்காரன்:
நங்கூரம் பதித்த பொத்தான்கள்,
சீனக்குடா எண்ணெய்த் தாங்கிக் காட்டில் கிடந்த எனாமல் கோப்பை,
வடக்கை மறந்துபோன திசைகாட்டி,
கப்பலின் பெயர் பாதி அரித்துப்போன ஒரு கரண்டி.
கிண்ணியா நவ்பீர் மூச்சடக்கி எடுத்தது.
மூன்று மாதம் அதை அவன் விற்கவில்லை,
சீனி கலக்கித் தேத்தண்ணி குடித்தானாம்.
"பொறவு உப்பு ருசி ஒண்டு வரத் தொடங்கிச்சு,
கொண்டுவந்திட்டன்."

நிலாவெளி வீதிக் கல்லறைகளைப் பார்த்துவிட்டு
நேரே இங்கு வருகிறவர்கள் உண்டு.
பொத்தானை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நிற்பார்கள்.
பேரம் பேசமாட்டார்கள்.
அவர்களுக்குப் பொய்க்காசு காட்டுவதில்லை.
ஆனால் பொத்தானுக்குக் கூட்டித்தான் வாங்குவேன்.

கீழ்த்தட்டு எப்போதும் வெறுமை.
விற்க வருகிற எல்லாரிடமும் ஒரே கேள்வி:
எந்த ஆண்டு?
நாற்பத்தைந்தோடு என் கடை முடிகிறது.
அதற்குப் பிறகு வந்த இரும்புக்கு
இந்த ஊரில் விலை சொல்ல யாருக்கு வாய் வரும்?
பொலிஸ் ஒரு காரணம்.
மற்றக் காரணத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.

புவனலோஜினி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை.
மூதூர் பஸ்ஸில், மடியில் உரப்பையோடு.
கோயில் பொருளாளராம்.
பையைக் கவிழ்த்தபோது மேசை முனகியது.
முழங்கை நீள வெற்றுக் கோது,
அடியில் துளைத்துக் கயிறு கட்டியிருந்தது.

"பதினொரு வருசம் இதுதான் எங்கட மணி.
இப்ப கனடாவிலயிருந்து மணி வந்திட்டுது,
குடுத்தவையின்ர பேரெல்லாம் வெட்டி."

விளிம்பில் ஓரிடம் மட்டும் பள்ளம்.
அங்கேதான் அடிப்பார்களாம்,
பூசைக்கும் செத்தவீட்டுக்கும்
இரவில் யானை வந்தாலும்.

அடியைத் திருப்பினேன்.
ஆண்டு அழியாமல் இருந்தது.
அந்த ஆண்டு நான் எங்கிருந்தேன் என்று
எனக்கு நன்றாகத் தெரியும்.

"இதுக்கு வயசு காணாது," என்றேன்.
"எங்களுக்குக் கண்டிட்டுது," என்றாள்.

"பழசெண்டால் எவ்வளவு?"
"பதினையாயிரம் சொல்லுவன்."
"புதுசெண்டால்?"
"பித்தளை விலை. நிறைக்குத்தான்."
"நிறுங்கோ."

தராசில் வைத்தேன், இரண்டு கிலோ எழுநூறு.
"கயிறைக் கழிச்சு நிறுங்கோ.
கயிறு விக்கிறேல்ல."
முடிச்சு வெயிலிலும் மழையிலும் இறுகிக் கல்லாயிருந்தது.
கத்தரிக்கோலை நீட்டினேன், வேண்டாம் என்றாள்.
பல்லால் கடித்து, நகத்தால் நெம்பி
பத்து நிமிடம்.
நான் முகத்தைத் திருப்பி, துடைத்த திசைகாட்டியையே
மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

ரசீது கேட்டாள்.
"பித்தளைப் பாத்திரம், ஒன்று" என்று எழுதினேன்.
வாசித்தாள்.
பாத்திரத்தை வெட்டி மணி என்று போடச் சொன்னாள்.
போட்டேன்.
கணக்குப் புத்தகத்தில் மட்டும் பாத்திரம் அப்படியே கிடக்கிறது.

கடை பூட்டுமுன்
தெருவில் ஆளில்லை என்று பார்த்துவிட்டு
கீழ்த்தட்டிலிருந்து அதைத் தூக்கிப் பிடித்துச் சுண்டினேன்.
கயிறில்லையே,
பாதிச் சத்தத்தை என் கையே குடித்துவிட்டது.
மீதி வெளியே போனது.

வாசலில் பழத்தோல் தின்ற மான்கள் இரண்டும்
தலை தூக்கின.
ஒன்று மட்டும் திரும்பக் குனிந்தது.