வெள்ளிக்கு மூன்று குண்டு

சுற்றுலாத் துறைக்கு ஐம்பது சொல்லில் பலகை வேண்டுமாம்.
மேல்துர்க்கம் பீரங்கிக் கோட்டை, வரலாறு.
பெயின்டர் குன்னூரிலிருந்து வருவார்,
எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி.

கோட்டை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்.
மைசூர்ப் படை எழுப்பிய மதிலில் இடுப்புயரம் மிச்சம்.
அதன்மேல் நாற்பத்திரண்டில் ஊற்றிய சிமென்ட் வட்டம்,
வட்டத்தில் பன்னிரண்டு போல்ட்டு.
ஒன்றில் யாரோ ஆடு கட்டுகிறார்கள்.

பீரங்கிக் குழல் ரயிலில் வந்தது,
பல்சக்கரம் கடித்துக் கடித்து, கல்லாற்றிலிருந்து.
குன்னூரில் இறக்கிப் பதினாறு ஜோடி மாடு பூட்டினார்கள்.
மாடு மறுத்த வளைவுகளில் ஆட்கள் இழுத்தார்கள்.
மாட்டுக்கு ஒன்றேகால் ரூபாய்,
ஆளுக்கு அரை.

கீழே அருவங்காடு, வெடிமருந்து ஆலை.
சேமியா பிழிகிற மாதிரி
மூன்று ஷிப்டிலும் சாவைப் பிழிந்து
காயவைத்து மேற்கே அனுப்பினார்கள்.
அதைக் காக்கத்தான் இது.
விளக்கெல்லாம் கறுப்புத் துணிக்குள்.
ஜப்பான்காரன் வருவான் என்று எட்டு மாதம்
அண்ணாந்தபடி இருந்தார்கள்.
மேகம்தான் வந்தது.
பூட்ஸில் பூஞ்சை, போர்வையில் பூஞ்சை,
ஊருக்கு எழுதிய கடிதத்தில் ஒட்டுமுன்பே பூஞ்சை.

பிறகு வானம் துடைத்துவிட்டாற்போல ஒரு பின்னிரவு.
பதிவேட்டில் பென்சில் எழுத்து:
‘நான்கு நாற்பது. கிழக்கே எதிரி விமானம்.
ஒற்றை விளக்கு. நகரவில்லை.’

லான்ஸ் நாயக் குப்புலிங்கம், திருப்பத்தூர்ப் பக்கம்,
சொல்லிப் பார்த்திருக்கிறான்:
‘ஐயா, அது வெள்ளி.
அது முளைச்சாத்தான் எங்க ஊர்ல கவலை பூட்டுவோம்.’
துரைக்கு அதை மொழிபெயர்த்தவன் என்ன சொன்னானோ.

‘நான்கு ஐம்பத்தொன்று. மூன்று குண்டு.’
‘ஆறு இருபது. எதிரி பின்வாங்கினான்.’

சூரியனுக்கு முன்னால் யார்தான் நின்றார்கள்.

இரண்டு மேலேயே வெடித்தன.
மூன்றாவது வெடிக்காமல் ஒரு முகடு தாண்டி
உருளைக்கிழங்குக் காட்டில் இறங்கியது.
காட்டுக்காரர் பெயர் பெள்ளி.
நாம் வெள்ளி என்பதைப் படகர் பெள்ளி என்பார்கள்.
வானத்தில் தப்பியது
கீழே அகப்பட்டது.

பெள்ளி கவுடரின் மனு ஒற்றைத் தாள்:
கிழங்கு இரண்டு மூட்டை.
வேலி பதினொரு முழம்.
பால் வற்றிய எருமை ஒன்று.
மனு எழுதிக் கொடுத்தவன் அடித்த பிறகும்
படிக்க முடிகிற ஒரு வரி:
‘மனைவி மாதி மூன்று வாரமாக வாசல் தாண்டவில்லை,
இதற்கு என்ன விலை போடுவதென்று தெரியவில்லை.’

பதில் வரப் பதினான்கு மாதம்.
கிழங்குக்கு ஏழு ரூபாய் நாலணா.
எருமை போர்ச் சேதத்தில் வராது.
குண்டு சர்க்கார் சொத்து,
ஒப்படைத்து ரசீது பெறவும்.
அடியில் பெருவிரல் ரேகை, நீல மையில்,
சின்னஞ்சிறு மலைக்குச் சமஉயரக் கோடு போட்ட மாதிரி.

குப்புலிங்கத்துக்கு ஏழு நாள் சம்பளம் பிடித்தம்.
காரணம்: பணி நேரத்தில் பேச்சு.

போர் முடிந்து பீரங்கி பழைய இரும்பாக இறங்கியது.
இறக்கமானதால் ஆறு ஜோடி மாடு போதுமாயிற்று.

மேலதிகாரி கேட்பது
வீரம், காட்சிமுனை, கழிப்பறைக்கு அம்புக்குறி.
‘எதிரி விமானம் இங்கிருந்து விரட்டப்பட்டது’
என்று ஒரு வரி அவரே எழுதித் தந்திருக்கிறார்.
நாலு சொல்தான். இடம் மிச்சம் என்கிறார்.

நேற்று அந்த வட்டத்தில் தார்ப்பாய் விரித்துப் படுத்தேன்.
நான்கரைக்கு மேல் வந்தது.
மேட்டுப்பாளையம் முழுக்க எரிகிற விளக்குகளுக்கு மேலே
ஒற்றையாக, நகராமல்.
யாராக இருந்தாலும் சுட்டிருப்பார்கள் போலத்தான்
இருந்தது அது.
கீழே ஆலைச் சங்கு ஊதியது.
ஆட்டுக்கயிறு பனியில் விறைத்திருந்தது.

அவர் வரியை எடுத்துவிட்டு எழுதியிருக்கிறேன்.
நாற்பத்தொன்பது சொல்.
பெயின்டரிடம் மட்டும் சொல்லிவைக்க வேண்டும்:
ஏழாவது வரியில் பெள்ளி என்றிருப்பது
எழுத்துப் பிழை இல்லை.