பாதை கரை தட்டுமட்டும்

குருமண்வெளித் துறையில்
பாதை என்றால் வீதி அல்ல.
இரண்டு மிதவை, மேலே பலகை, பின்னால் ஒரு எஞ்சின்.
மண்டூர்க் கரையில் போய்த் தட்டுமட்டும்
ஏறினவர் ஆரும் இறங்க ஒண்ணா.

இதைக் கண்டுபிடித்தது நான்தான்.
வாசலில் நின்றால் நாய் வரும்.
வயலுக்குப் போனால் "வெட்டு முடியட்டும் புள்ள" என்பார்கள்.
பாதையில் மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி
எல்லாரும் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்,
அல்லது என்னை.

மட்டக்களப்பு ஹோட்டல் ஒன்றின் ஏசிக் குளிரில்
கொழும்பிலிருந்து வந்தவர் திரையில் படம் போட்டுச் சொன்னார்:
முதலில் பிள்ளைகளின் பெயரைக் கேளுங்கள்.
கையெழுத்து வாங்கினதும் இன்னும் மூன்று பெயர் கேளுங்கள்.
அந்த ஒரு சொல்லை மட்டும் வாயால் எடுக்காதீர்கள்.
எடுக்கவில்லை, ஆறு வருடம்.
களவெட்டியில் நெல்லை நெல் என்பதில்லை, பொலி என்பார்கள்.
நான் "ஏதாவது ஒண்டு நடந்தா" என்பேன்.

மேகராசன் வெட்டு மெசின் ஓட்டுகிறவன்.
பார்க்கும்போதெல்லாம் பகிடி.
"எனக்கு வேணாம் அக்கா, ஆனைக்கு ஒண்டு போடுங்க.
அதுதான் எங்கட ஊரில எல்லாற்ற வளவுக்கும் போய்வருது."
பாதை முழுக்கச் சிரிக்கும். நானும்.
சிரிக்கிறவன் பாதி வழி வந்தவன் என்று
எந்தத் திரையிலும் போடவில்லை, எனக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை பகிடி இல்லை.
"மாசம் எவ்வளவு வரும்?"
"ரெண்டாயிரத்தி நானூற்றைம்பது."
"மறுகா, இடையில கட்ட ஏலாமப் போனா?"
நல்ல கேள்வி. வாங்கப் போகிறவன் கேட்கிற கேள்வி.
படிவம் பையில் இருந்தது. பேனையும் இருந்தது.
ஆனால் அந்த மாத டாகெட் புதன்கிழமையே முடிந்திருந்தது.
இவனை எடுத்து ஒன்றாம் திகதிக்கு வைத்தால்
அடுத்த மாதம் ஒரு தலையோடு தொடங்கலாம்.
"வாற கிழமை வீட்ட வாறன் தம்பி,
ஆறுதலாக் கதைப்பம்" என்றேன்.
கரை தட்டியது.
கை காட்டிவிட்டுப் போனான்.

ஞாயிறு விடியப்புறம், காவலுக்குப் போன இடத்தில்.
ஆனை.

எட்டுக்குப் போனேன்.
மனேச்சர் போனில் சொன்னார்,
"போங்க மிஸ், சனம் ஒண்டா இருக்கிற இடம்."
பையை ஸ்கூட்டியிலேயே பூட்டினேன்.

புஸ்பகாந்தி எழும்பி வந்தாள்.
கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்,
அவர் உங்களிட்டப் போட்டிருந்தவரா என்று.
இல்லை என்று சொல்வதற்கு
வாய்க்குள் சொல்லை அடுக்கிக்கொண்டு நின்றேன்.
அவள் கேட்கவில்லை.
மாப் பேணிக்குள்ளிருந்து எடுத்துத் தந்தாள்:
நான் எப்போதோ பாதையில் கொடுத்த துண்டுப் பிரசுரம்,
அதற்குள் மடித்து
ரெண்டாயிரத்தி ஐந்நூறு.
"இன்சூரன்ஸ் அக்கா வருவா, குடு எண்டவர்.
மிச்சம் ஐம்பது ரூவா தரோணுமாம் நீங்க."

பந்தலுக்குள் ஆரோ சோடா உடைத்தார்கள்.
கொம்பனியில் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு.
இதற்கு இல்லை.
காசை அவள் கைக்குள் திருப்பி அழுத்தினேன்,
அவள் மாட்டேன் என்றாள்,
இரண்டு பேரும் சண்டை பிடிக்கிற மாதிரி நின்றோம்.

திரும்பும் பாதையில் ஏழெட்டுப் பேர்.
எனக்குப் பக்கத்தில் மீன் பெட்டியோடு ஒருவர்,
"என்ன புள்ள, இண்டைக்குக் கதை ஒண்டும் இல்லையா?"
தண்ணீரைப் பார்த்தேன்.
மறுகா அந்தச் சொல்லை எடுத்தேன்.
"நீங்க செத்தா," என்றேன்,
"நாளைக்கே செத்தா, வீட்டில என்ன இருக்கு?"

எஞ்சின் சத்தம் மட்டும்.
பெட்டியைக் கீழே வைத்தார்.

குருமண்வெளி வருமுன் மூன்று கையெழுத்து.
எவரிடமும் வேறு பெயர் கேட்கவில்லை.

அந்த மாதம் கிழக்கில் முதலாவதாக வந்தேன்.
அதே ஹோட்டல், அதே குளிர்.
உங்கள் உத்தி என்ன, எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று
மைக்கை நீட்டினார்கள்.
பையின் சின்ன உறைக்குள்
ஒரு ஐம்பது ரூபாய்த் தாள் வைத்திருக்கிறேன், கொடுக்க வேண்டியது.
"பாதை," என்றேன்.
கொழும்புக்காரர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.