அறுபத்து நான்கு

காதர்பேட்டையில் எடைபோட்டு வாங்கினேன்,
துளை பிசகிய கழிவுப் பொத்தான்கள்.
சிவப்பென்றால் உடனே. மஞ்சள் சற்றுப் பொறுக்கும்.
பச்சை தானே நடந்து வந்துவிடும்.
கறுப்பு குறைந்தது;
கோட்டுப் பொத்தான்களைக் கலந்துகொண்டேன்.

மேசை நிறையத் திருப்பூர்.
பகல் இரண்டே கால். சாயப்பட்டறையில் பாய்லர் வெடிக்கிறது.
அறுபத்து நான்கு பேரைக்
கிண்ணத்திலிருந்து கவிழ்க்கிறேன்.

சென்னியப்பன் தன் தீப்பெட்டி ஆம்புலன்ஸைப்
பாதிவழியில் நிறுத்தினார்:
"ஏனுங்க டாக்டர், இது எந்த மாசமுங்க?
ஐப்பசின்னா தரைப்பாலம் முங்கியிருக்குமுங்களே."
என் திட்டத்தில் மாதமே இல்லை.
நொய்யலை நீலப் பேனாவால் தடிமனாக்கினேன்.
அதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது. விதிப்படி
மூன்று சிவப்பின்மேல் கறுப்பு மை தடவினேன்.
யாரும் டீயைத் தொடவில்லை.

செவிலியர் மரகதவல்லி ஒரு மஞ்சளைக்
கட்டிலில் வைக்காமல்
விரல்நுனியிலேயே பிடித்திருந்தார்.
"இந்தப் பையன் ஒடிசான்னு வெச்சுக்குங்க.
எங்க வலிக்குதுன்னு நான் எப்படிக் கேக்கறது?"
அதற்கும் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.
"வெண்டிலேட்டர் ரெண்டுன்னு போட்டிருக்கீங்க.
ஒண்ணு ரிப்பேருங்க."
அதையும்.

எல்லோரும் போனபின் எண்ணினேன்:
அறுபத்து மூன்று.
கொட்டி மறுபடி எண்ணினேன்.
விளக்கணைக்க வந்த காவலர்
"ஒரு பொத்தானுக்காங்க?" என்றார்.
செல்போன் வெளிச்சத்தில்
மேசைக்கடியில் முட்டிபோட்டிருந்தேன்.

சாவிக்கொத்தைத் தரையில் வைத்துவிட்டு,
என்ன நிறமுங்க என்று கேட்டுக்கொண்டே
அவரும் குனிந்தார்.