இரண்டு முறை வந்த இரண்டு மணி

அக்டோபரின் கடைசி ஞாயிறு, இன்னும் விடியவில்லை.
வூட்ச் நகரத்து மருத்துவமனையின் அடித்தளத்தில்
நானும் போகுமிவாவும்.
பழைய பெட்டி ஒரு கம்பெனி, புதியது வேறு.
இரண்டுக்கும் முகம்கொடுத்துப் பேச்சு கிடையாது.
நடுவில் ஒரு சர்வர்,
இதனிடம் வாங்கி அதனிடம் கொடுக்கிறது
சண்டை போட்ட சம்பந்திகளுக்கிடையே
சேதி சுமக்கும் பிள்ளை மாதிரி.

நாற்பது டெராபைட் எலும்பு.
பதினெட்டு வருஷத்துக் கணுக்கால், விலா,
எவனோ விழுங்கிய ஒரு ஸ்லாட்டி நாணயம்.
'இடமாற்றம்' என்று கதவில் ஒட்டியிருக்கிறோம்.
பொய்.
எதுவும் நகர்வதில்லை.
இங்கிருப்பது அங்கும் இருக்கும்,
பிறகு இங்கிருப்பதை அழிப்போம்.

மூன்று அடித்ததும் கடிகாரம் இரண்டுக்குத் திரும்பியது,
குளிர்காலம் தரும் இனாம்.
இரண்டு நாற்பதுக்கு முடிந்த நகலை
இரண்டு பத்துக்குச் சரிபார்த்ததாகப் பதிவேடு சொல்ல,
வெள்ளரி ஊறுகாயைக் கடித்தபடி சிரித்தாள் போகுமிவா.

அப்புறம் ஒரே ஒரு சிவப்பு வரி.
சேமித்த நாளில் குறித்த எண்ணோடு
இன்றைய எண் ஒட்டவில்லை.
மறுபடி எடுத்தோம். அதேதான்.
புதியதன் மேல் தப்பில்லை;
பழையதில், யாரும் பார்க்காத ஏதோ ஒரு ராத்திரி
ஒரு பிட் புரண்டு படுத்திருக்கிறது.

இடது மணிக்கட்டு, 2011.
பெயர் இல்லை.
திறந்தால் மேல்பாதி எலும்பு,
கீழ்ப்பாதி வெறும் சாம்பல்.
"எப்பவோ கூடியிருக்கும், விடு" என்றாள்.
உடைந்ததை உடைந்தபடியே கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

காலை டிராமில்
கம்பியைப் பிடித்திருந்த இடது கைகளை
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.