தடை ஏதும் இல்லை

குகைக்கு மேற்கே நான் கீமேன்.
கோட்டைவாசல் முதல் எடப்பாளையம் வரை
எந்த இணைப்பு தளரும், எந்த ஓடை
எந்தப் பாலத்தடியில் என்ன பேசும் என்று தெரியும்.
தவளையைப் பற்றி ஒன்றும் தெரியாது.
கத்தினால் மழை, அடங்கினால் பாம்பு. அவ்வளவுதான்.

லிஜி ஸ்கரியா வந்தபோது
இடவப்பாதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.
முழங்கால் வரை பூட்ஸ்,
கையில் பூனைவால் போல் மயிர் சுற்றிய மைக்.
கூட வனக்காவலர் புஷ்பாங்கதன், வாயில் பற்றவைக்காத பீடி.
"அடுத்த வண்டி எப்ப அண்ணா? குரல் பதியணும்."
ஒன்றரைக்கு, என்றேன்.
அதுவரை மலை உனக்கு.

தெற்குச் சரிவில், ஏலச்செடி இலையில்,
நகக்கண் அளவில் ஒன்று தொண்டையை ஊதி
டிக் டிக் டிக் என்றது,
பழைய ஸ்டேஷனின் தந்திமேசை போல.
அவள் கருவியில் இன்னொரு குரல் போட்டாள்:
வடக்கே, தேக்கடிக்கு மேலே, போன வாரம் பதிந்தது.
என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.
இலைமேல் இருந்தது தொண்டையைச் சுருக்கிக்கொண்டது.
மறுபடி போட்டாள்.
ம்ஹூம்.
பிறகு தெற்கே இரண்டு முகடு தள்ளிப் பதிந்ததைப் போட,
பாதி முடியுமுன்பே எகிறிக் கத்தியது,
என் இலையில் எவன்டா என்று.

முன்பு இரண்டும் ஒரே கூட்டம், என்றாள்.
எங்கோ வடகோடியில் தண்ணீர் உறைந்ததற்கு
இங்கே மழை இளைத்தது.
காடு தன் பச்சையைச் சுருட்டிக்கொண்டு உச்சிக்கு ஏறியது.
தோலாலும் மூச்சு விடுகிற சின்ன உயிர்கள்
ஈரம் போன வழியே போயின,
சில வடக்கு மலைக்கு, சில தெற்கு மலைக்கு.
நடுவில் இந்தப் பள்ளத்தில் புல், வெயில்,
சங்கில் விழும் கிழக்குக் காற்று.
காடு இறங்கி வந்தது. திரும்ப ஏறியது.
எத்தனை தடவை?
"எண்ணிட்டிருக்கோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது.
கணவாய் என்றால் வழி, அம்மா.
வைக்கோல் லாரி, கருவாட்டுக் கூடை,
மார்கழியில் மாலை போட்ட கூட்டம்,
புளியரையில் பெண்ணெடுத்த என் மைத்துனன்
எல்லாரும் போய் வருகிற வழி.
இதையா மதில் என்கிறாய்?
அவள் பதில் சொல்லவில்லை.
இலையிலிருந்து தண்டவாளம் வரை
ஜல்லியின் மேல் விளக்கை மெல்ல நகர்த்தினாள்.
பகல் வெயிலில் வெந்த கல் இன்னும் சுட்டது.

"தவள," என்றார் புஷ்பாங்கதன், நெருப்பு கேட்டபடி.
தவளை, என்றேன்.
"மழ வரும்."
மழை வரும்.
ஓர் ஐகாரம் மட்டும் குகைக்குள் எங்கோ
கழன்று விழுந்திருக்க வேண்டும்.

வந்தது, ஒன்று பத்துக்கு, சாய்வாக.
ஜல்லிக்குக் கீழே மண் புடைத்தது.
சரிவு என்று பயந்து விளக்கை ஆட்டப் போனேன்.
வெளியே வந்தது ஒரு கத்திரிக்காய்.
கத்திரிக்காய்க்குக் கால் இருந்தது, வெளுத்த கூர்மூக்கு இருந்தது.

லிஜி குரலே இல்லாமல் சொன்னாள்: பாதாளத் தவளை.
வருஷமெல்லாம் மண்ணுக்குள். மேலே வருவது சில ராத்திரி.
இதன் பங்காளிகள் செஷல்ஸ் தீவில்.
நீந்திப் போனவை இல்லை.
நிலம் பிய்ந்து நகர்ந்தது.
கடல் பிறகு வந்தது.

நான் அதன் முதுகையே பார்த்தேன்.
ஒரு பெருங்கடல் பிறந்த சேதி
அதுவரை எட்டின மாதிரி தெரியவில்லை.
கறையான் கிடைத்தால் போதும் போல உட்கார்ந்திருந்தது.

ஒன்று இருபத்தைந்து.
தண்டவாளம் முனக ஆரம்பித்தது.
தொப்பியில் அள்ளினேன். ஈர மாவு போல வழுக்கியது.
எந்தப் பக்கம், என்றேன்.
மூக்கு காட்டிய பக்கம் விடச் சொன்னாள்.
மூக்கு ஓடையைக் காட்டியது.

வண்டி போனது. ஜன்னல்களில் வெளிச்சம், தூங்கும் தலைகள்.
ரோந்துப் புத்தகத்தில் நேரம் எழுதினேன், மழை என்று எழுதினேன்.
அடுத்த கட்டத்தில், இருபது வருஷப் பழக்கத்தில்,
தடை ஏதும் இல்லை.