இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு

கோட்டிங்கனில் மார்ச்சிலும் மழை.
சைக்கிள் இருக்கை துடைத்த துணியாலேயே
மூக்குக்கண்ணாடியையும் துடைத்துக்கொண்டு
மூன்றாம் மாடி ஏறுகிறேன்.
சதுப்புநில ஆய்விதழ், காலாண்டு.
ஆசிரியர் குழுவில் பதினாறு பேர்.
சம்பளம் வாங்குபவள் நான் ஒருத்தி,
அதுவும் அரைச் சம்பளம்.

ஹார்னிஷுக்குத் தொலைபேசி பிடிக்காது
ட்யூபிங்கன்காரருக்கு மின்னஞ்சல் பிடிக்காது
இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காது.
தொண்ணூற்றெட்டில் ஓர் அடிக்குறிப்பில்
யாரோ ஒருவர் பெயர் விடுபட்டதாம்.
பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழி நான்.
எது பால் என்பதுதான்
வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

டாக்டர் ரைன்ஹில்ட் டாம்ஸ்
எதையும் நாற்பது நாள் தாமதமாகத்தான் அனுப்புவார்.
முதல் நினைவூட்டலில் 'அன்புடன்' போடுவேன்
இரண்டாவதில் 'மிக்க அன்புடன்'
மூன்றாவதில் வெறும் என் பெயர்.
அதற்கு வந்துவிடும்.

எர்சுரூமிலிருந்து வந்த கட்டுரைக்கு
அவர் எழுதியது பதினோரு வரி.
பத்து வரி மண்ணைப் பற்றி. குறை சொல்ல ஒன்றுமில்லை.
கடைசி வரி
எழுதியவளைப் பற்றி.

விதிப்படி ஒரு சொல்லையும் நான் தொடக்கூடாது.
கீழே போய்க் காப்பி வாங்கினேன்.
ஆறவிட்டுக் குடித்தேன்.
வந்து, அந்த வரியை எடுத்துவிட்டு
பத்தாம் வரியின் தலையில்
'தயவுசெய்து' ஒன்று வைத்தேன்.

எட்டு மாதம் கழித்து அச்சில் வந்தது கட்டுரை.
முடிவில் சிறிய எழுத்தில் நன்றி:
பெயர் அறியாத இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு,
அவர் காட்டிய பரிவுக்கு.

இதழ் போய்ச் சேர்ந்த மாலையே அழைப்பு.
"திருமதி பொன்னுத்துரை,
யார் அந்த இரண்டாம் மதிப்பீட்டாளர்?"
"நீங்கள்தான்."
மறுமுனையில் குழாயோ கடிகாரமோ
ஏதோ சொட்டியது.
"நான் எழுதிய கடைசி வரி?"
"என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.
வேண்டுமென்றால் அனுப்பிவைக்கிறேன்,
ஹார்னிஷுக்கும் ஒரு பிரதி."

வேண்டுமென்றும் சொல்லவில்லை
வேண்டாமென்றும் சொல்லவில்லை.
அடுத்த மதிப்பீடு
முப்பத்தொன்பது நாள் தாமதத்தில் வந்தது.
கடுமைதான். ஆனால் முதலிலிருந்து முடிவுவரை
மண், நீர், பாசி.

எர்சுரூமில் ஒருத்தி
அவருக்குக் காட்டப்படாத பரிவுக்கு
நன்றி சொல்லியிருக்கிறாள்.
இப்படிப்பட்டவற்றுக்கு எங்கள் இதழில்
'பிழைதிருத்தம்' என்று ஒரு பக்கம் உண்டு.

இந்தக் காலாண்டும்
அதைக் காலியாகவே அச்சுக்கு அனுப்பினேன்.